ஃபைப்ரோமயால்ஜியா இருக்கும்போது உடற்பயிற்சி: எவ்வளவு செய்யலாம், எப்படிக் கூட்டலாம்?

பொங்கோல் மீனா:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 44, சிங்கப்பூரில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை. உடம்பு முழுக்க வலி, தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு, பார்த்துக்கொண்டிருக்கும் எண்ணே மறந்துபோவது என்று ரொம்ப நாள் அலைந்த பிறகு, வாதநோய் மருத்துவர் இது ஃபைப்ரோமயால்ஜியா என்று உறுதியாகச் சொன்னார். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எதிலும் குறை இல்லை. மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "மருந்தைவிட உடற்பயிற்சிதான் முக்கியம்" என்றார். எப்படிச் செய்வது, எவ்வளவு செய்வது என்று விவரமாகக் கேட்க அன்றைக்கு நேரம் கிடைக்கவில்லை.

வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் உடற்பயிற்சிக்கூடத்தில் குழு வகுப்பில் சேர்ந்தேன். ஒரு மணி நேர வகுப்பு. செய்யும்போது ஒன்றும் தெரியவில்லை, உற்சாகமாகக்கூட இருந்தது. மறுநாள் சாயங்காலம் ஆரம்பித்தது பாருங்கள், தலைவாரக் கையைத் தூக்க முடியவில்லை. வேலைக்கும் விடுப்பு எடுக்க வேண்டியதாயிற்று. பயிற்சியாளரிடம் சொன்னால், "ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், விடாமல் வாருங்கள்" என்கிறார். வீட்டில் அத்தையோ, "முடியாத உடம்பை ஏன் இன்னும் வருத்துகிறாய், பேசாமல் படு" என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது? இதே நோயோடு உடற்பயிற்சி செய்கிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் ராஜி:

மீனா, எனக்கு இந்த நோய் வந்து பல வருடம் ஆகிவிட்டது. பயிற்சியாளர் சொல்வது தசைவலி மட்டும் உள்ளவர்களுக்குப் பொருந்தும். உங்களுக்குப் பொருந்தாது. அத்தை அக்கறையோடு சொல்கிறார், ஆனால் படுத்தே இருந்தால் தசை பலம் குறையும், தூக்கம் இன்னும் கெடும், பிறகு மாடிப்படி ஏறுவதே பெரிய வேலையாகிவிடும்.

நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது ஒன்றுதான். உடற்பயிற்சி சரியான அளவா என்பதைச் செய்யும்போது தீர்மானிக்க முடியாது. அடுத்த இரண்டு நாளைப் பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும். செய்கிற நேரத்தில் நன்றாகத்தான் இருக்கும், உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. நம் உடம்பு கணக்கைத் தாமதமாகத்தான் சொல்லும். அதனால் எதைப் புதிதாகச் செய்தாலும், 48 மணி நேரம் போன பிறகும் வலியும் களைப்பும் வழக்கமான அளவிலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அந்த அளவு சரி. இல்லையென்றால் குறையுங்கள்.

தொடக்க அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? மிக மோசமான நாளில்கூட உங்களால் எவ்வளவு நடக்க முடியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 5 நிமிடமா? அப்படியானால் 5 நிமிடம்தான் தொடக்கம். "இதெல்லாம் ஒரு உடற்பயிற்சியா" என்று மனம் கேட்கும். கேட்கட்டும். அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய் வாருங்கள். நிழல் இருக்கிறது, தரை சமமாக இருக்கிறது, முடியவில்லை என்றால் உட்காரக் கல்மேசை இருக்கிறது, வீட்டுக்கு லிஃப்ட் பக்கத்திலேயே. நம் ஊரில் இதைவிட நல்ல இடம் இந்த நோய்க்காரருக்குக் கிடைக்காது.

இன்னொன்று, இதுதான் கடினமானது. நல்ல நாளிலும் அந்த 5 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. வலி குறைவாக இருக்கிற நாளில் தேக்காவுக்குப் போய் மார்க்கெட் முடித்து, வீட்டைத் துடைத்து, துணி மடித்து, நடையும் போய்விட்டு வந்தால், அடுத்த மூன்று நாள் படுக்கைதான். பிறகு கொஞ்சம் தேறியதும் மறுபடியும் அதே ஓட்டம். இந்தச் சுழற்சியில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறோம். நல்ல நாள், கெட்ட நாள் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு என்று வைத்துக்கொண்டால் கெட்ட நாள்களே குறைய ஆரம்பிக்கும்.

வீட்டுவேலையும் கணக்கில் சேரும் என்பதை மறக்காதீர்கள். தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்கிற வாரத்தில் நடையைக் கூட்ட வேண்டாம்.

பிடோக் செல்வம்:

ராஜி அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். நோய் என் மனைவிக்கு. வலிக்கும் என்ற பயத்திலேயே அவள் எதுவும் செய்வதில்லை. நான் வற்புறுத்தலாமா? வலிக்கும்போது நடந்தால் உள்ளே ஏதாவது கெட்டுப்போகுமா? இதற்கு நேராகப் பதில் சொல்கிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

இயன்மருத்துவர் கௌரி:

செல்வம், நான் பிசியோதெரபிஸ்ட். இந்த நோயாளிகள் பலரைப் பார்க்கிறேன். நேராகவே சொல்கிறேன்: கெட்டுப்போகாது. ஃபைப்ரோமயால்ஜியாவில் மூட்டு அரிக்கப்படுவதில்லை, தசை சிதைவதில்லை. மூளையும் தண்டுவடமும் வலிச் செய்தியைக் கையாளும் முறை மாறிவிடுகிறது. சாதாரணமாக வலியே தராத அழுத்தமும் அசைவும்கூட வலியாக உணரப்படுகின்றன. மற்றவர்களுக்கு உடற்பயிற்சி செய்யும்போது வலியை அடக்குகிற இயல்பான ஏற்பாடு ஒன்று உடம்பில் வேலைசெய்யும். இந்த நோயாளிகள் பலரிடம் அது பலவீனமாக இருக்கிறது. அதனால்தான் மற்றவர்களுக்கு இதமாக இருக்கும் பயிற்சி உங்கள் மனைவிக்கு வலியாகிறது. அவர் சொல்லும் வலி உண்மையானது. ஆனால் அந்த வலி சேதத்தின் அடையாளம் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்தே அவரிடம் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் "அப்படியானால் என் வலி கற்பனையா" என்று புண்படுவார்.

வற்புறுத்த வேண்டாம். கூட நடங்கள். அவர் வேகத்தில் நடங்கள், அவர் நிறுத்தும் இடத்தில் நீங்களும் நிறுத்துங்கள். "இன்னும் ஒரு சுற்று போகலாமே" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மருத்துவர் உடற்பயிற்சியை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஐரோப்பிய வாதநோய் அமைப்பான யூலார் 2016இல் இந்த நோய்க்கான பரிந்துரைகளைத் திருத்தி எழுதியது. மருந்துகள், மற்றச் சிகிச்சைகள் எல்லாவற்றையும் அலசிப் பார்த்து, 'உறுதியாகப் பரிந்துரைக்கிறோம்' என்று அது சொன்ன ஒரே சிகிச்சை உடற்பயிற்சிதான். நடை, நீச்சல் போன்றவையும் சரி, தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் சரி, இரண்டுமே உதவும். மாயமாக எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். வலி ஓரளவு குறையும், அன்றாட வேலை எளிதாகும், அதுவும் வாரக்கணக்கில் விடாமல் செய்தால்தான்.

சிங்கப்பூர் உடற்பயிற்சி வழிகாட்டியில் வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி என்று இருக்கும். மீனா, அதைப் பார்த்து மலைக்காதீர்கள். அது போய்ச்சேர வேண்டிய இடம், அதுவும் முடிந்தால். நடக்கும் அடிகளை எண்ணிப் புள்ளி தரும் ஹெல்தி 365 செயலிக்காக நடப்பவர்கள், நோய் நிதானப்படும்வரை அந்த அடிக் கணக்கைப் பார்க்காமல் இருப்பது நல்லது. இரவு ஒன்பது மணிக்கு மிச்ச அடிகளுக்காக நடந்துவிட்டு மறுநாள் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேகத்துக்கு எளிய சோதனை: நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? முடிந்தால் சரி. முதல் சில வாரங்களில் ஒரு பாட்டு முணுமுணுக்க முடிகிற அளவுக்கே மெதுவாக இருந்தாலும் தப்பில்லை. இரண்டு வாரம் ஒரே அளவில் சிக்கல் இல்லாமல் போனால் ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், வேகத்தை அப்புறம் பார்க்கலாம். வலி ஏறிய நாளில் முழுதாக விட்டுவிடாமல் பாதியாகக் குறையுங்கள்.

அன்பு_செங்காங்:

நான் படித்தது வேறு மாதிரி இருக்கிறதே. பிரிட்டனில் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் முறையே ஆபத்து என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள் என்று என் அக்கா மகள் ஒரு கட்டுரை அனுப்பினாள். அதைப் படித்த பிறகு நான் நடப்பதை நிறுத்திவிட்டேன்.

இயன்மருத்துவர் கௌரி:

அன்பு, அது வேறு நோய் பற்றியது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டி எம்இ/சிஎஃப்எஸ் எனப்படும் தீராக் களைப்பு நோய்க்கானது. அந்த நோயில் சிறு உழைப்புக்குக்கூட, ஒருநாள் கழித்து, காய்ச்சல் வந்தவர்போல மொத்த உடம்பும் சரிந்துவிடும். தேறப் பல நாள், சிலருக்குப் பல வாரம் ஆகும். அவர்களை "இந்த வாரம் இவ்வளவு, அடுத்த வாரம் இன்னும் இவ்வளவு" என்று நிர்ணயித்துக் கூட்டவைப்பது கேடு செய்யும் என்பதால்தான் அந்த முறையைப் பரிந்துரையிலிருந்து நீக்கினார்கள்.

ஆனால் உங்கள் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. இரண்டு நோயும் சேர்ந்தே இருப்பவர்கள் உண்டு. 5 நிமிட நடைக்கே உங்கள் உடம்பு நாள்கணக்கில் சரிகிறது என்றால், வலியைவிட அந்தச் சரிவுதான் பெரிய தொல்லை என்றால், அதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவரை கூட்ட வேண்டாம். அப்படி இல்லை, வலி கொஞ்சம் ஏறி ஓரிரு நாளில் இறங்குகிறது என்றால், குறைந்த அளவில் நடையை மறுபடி தொடங்கலாம்.

நூர்ஜஹான் ஈசூன்:

மீனா, நம் ஊர் வெயிலைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு வலியைக் கூட்டுவதில் முதலிடம் அதற்குத்தான். சூட்டில் நடந்தால் களைப்பு இரண்டு மடங்கு. அப்படியே ஏர்கான் போட்ட கடைத்தொகுதிக்குள் நுழைந்தால் வியர்த்த உடம்பு குளிர்ந்து தோள் இறுகிவிடும். நான் காலை எட்டு மணிக்கு முன்னால், இல்லாவிட்டால் அந்தி சாய்ந்து மக்ரிப் தொழுகைக்குப் பிறகுதான் நடப்பேன். மைஎன்வி செயலியில் வெப்ப அழுத்த நிலை பார்க்கலாம். 2023 ஜூலையில் இந்த ஏற்பாடு வந்தது. வெறும் வெப்பநிலை இல்லை, ஈரப்பதம், காற்று, வெயில் எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கும் அளவு. அது 31 டிகிரிக்குக் கீழே இருந்தால் குறைவு, 31ஐத் தொட்டால் மிதம், 33ஐத் தொட்டால் அதிகம். நம்மைப் போன்றவர்கள் 'மிதம்' என்று வரும்போதே கூரைபோட்ட நடைபாதைக்கோ வீட்டுக்குள்ளேயோ போய்விடுவது நல்லது.

எனக்குப் பிடித்தது தண்ணீர். வட்டார நீச்சல் குளத்தில், இடுப்பளவு ஆழத்தில், சுவரோரமாக நடப்பேன். நீச்சல் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. முழுக்கை நீச்சலுடைதான் போடுகிறேன், நீச்சலுக்கான துணியாக இருப்பதால் இதுவரை யாரும் எதுவும் சொன்னதில்லை. சாயங்காலம் மின்னல் எச்சரிக்கை வந்தால் எல்லாரையும் வெளியேறச் சொல்வார்கள். ஈர உடையோடு காற்றில் நின்றால் நமக்கு நல்லதில்லை, அதனால் பெரிய துண்டு ஒன்று கையில் இருக்கட்டும்.

இயன்மருத்துவர் கௌரி:

நூர்ஜஹான் சொல்வது நல்ல வழி. இடுப்பளவு நீரில் உடல் எடையில் ஏறத்தாழ பாதியைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். முழங்காலுக்கும் இடுப்புக்கும் பெரிய நிம்மதி. சிகிச்சைக் குளங்களில் தண்ணீரை 33 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருப்பார்கள். பொதுக் குளம் அவ்வளவு சூடாக இருக்காது, முதல் சில நிமிடம் உடம்பு இறுகலாம். மெதுவாக இறங்கி, அசைந்துகொண்டே இருங்கள். தண்ணீருக்குள் லேசாக இருக்கிறதே என்று நேரத்தை நீட்டிவிடாதீர்கள். கரையேறும்போதுதான் உடம்பின் பாரம் தெரியும்.

தாய்ச்சி எனும் மெதுவான சீன உடற்பயிற்சியும் நல்லது. 2018இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு 226 பேரை வைத்து, தாய்ச்சியையும் இதயத் துடிப்பைக் கூட்டும் வழக்கமான ஏரோபிக் பயிற்சியையும் ஒப்பிட்டது. தாய்ச்சி செய்தவர்கள் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ தேறினார்கள். 12 வாரம் செய்தவர்களைவிட 24 வாரம் செய்தவர்களுக்குப் பலன் அதிகம். காலையில் எந்தப் பேட்டையிலும் நாலு பேர் தாய்ச்சி செய்துகொண்டிருப்பார்கள், சமூக மன்ற வகுப்புகளும் உண்டு. மொழி புரியாவிட்டாலும் பார்த்துச் செய்யலாம். பின்வரிசையில் நில்லுங்கள். முழங்காலை அவர்கள் மடக்கும் ஆழத்துக்கு மடக்க வேண்டாம், பாதி நேரத்தில் விலகி உட்காரவும் தயங்க வேண்டாம்.

யோகா பற்றியும் சொல்லிவிடுகிறேன். மென்மையான யோகா உதவும். ஆனால் சிலருக்கு மூட்டுகள் இயல்பாகவே அளவுக்கு மீறி வளையும். விரலைப் பின்னால் வளைத்துக் காட்டுகிறவர்கள், முழங்கை பின்பக்கம் மடங்குகிறவர்கள், "எனக்கு எல்லா ஆசனமும் வருகிறது" என்று கடைசி எல்லைவரை இழுத்துவிடுவார்கள். அவர்களுக்கு இழுப்பதைவிட வலுப்படுத்துவதுதான் தேவை.

பொங்கோல் மீனா:

எல்லாருக்கும் நன்றி. ராஜி அக்கா சொன்ன மாதிரி கீழ்த்தளத்தில் நடக்கத் தொடங்கிவிட்டேன். அத்தையும் கூட வருகிறார். மூன்று கேள்வி. நான் ப்ரீகாபலின் என்ற நரம்பு வலி மருந்து சாப்பிடுகிறேன், சில நேரம் தலை லேசாகச் சுற்றுகிறது. அதோடு பயிற்சி செய்யலாமா? பயிற்சிக்கு முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொண்டால் மறுநாள் வலி வராமல் இருக்குமா? அப்புறம் எடை தூக்குவது எனக்கெல்லாம் சரிவருமா? அந்தக் கூடத்துக்கு இரண்டு மாதப் பணம் கட்டியிருக்கிறேன்.

இயன்மருத்துவர் கௌரி:

மீனா, மருந்து அளவை நீங்களாக மாற்ற வேண்டாம். தலைசுற்றல் இருப்பதை மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ சொல்லுங்கள். அதுவரை சுவரையோ நாற்காலியையோ பிடிக்கக்கூடிய இடத்தில் பயிற்சி செய்யுங்கள், தனியாகக் குளத்தில் இறங்காதீர்கள். இந்த நோயில் மருந்து இல்லாமலேயே உடலின் சமநிலை தவறுவது உண்டு. இந்த நோய்க்கு வேறு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும்: டுலோக்செடின் சிலருக்கு வியர்வையைக் கூட்டும், அமிட்ரிப்டிலின் வியர்வையைக் குறைத்துச் சூட்டைத் தாங்கும் சக்தியைக் கெடுக்கலாம். வெயிலில் பயிற்சி செய்யும்போது இரண்டுமே முக்கியம்.

வலி மாத்திரையை முன்கூட்டிப் போடுவது வேண்டாம். இபுப்ரோஃபென் போன்றவை இந்த வலிக்குப் பெரிதாக உதவுவதாகத் தெரியவில்லை, வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். உதவினாலும், அளவு தாண்டியதை உடம்பு உங்களுக்குச் சொல்ல முடியாமல் போகும்.

எடை தூக்கலாம், தாராளமாக. சுவீடனில் 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 130 பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒரு பாதி பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் வாரம் இரண்டு முறை, 15 வாரம் வலுப்பயிற்சி செய்தார்கள். தூக்க முடிகிற அதிகபட்ச எடையில் 40 விழுக்காட்டில் தொடங்கி, மெல்ல மெல்ல 80 விழுக்காடுவரை போனார்கள். தசை பலம் கூடியது, வலியும் குறைந்தது. எதை எப்போது கூட்டுவது என்று ஒவ்வொருவரிடமும் கலந்து பேசித்தான் முடிவெடுத்தார்கள். உங்கள் குழு வகுப்பில் நடக்காதது அதுதான்.

வீட்டிலேயே தொடங்கலாம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருங்கள், முடியாவிட்டால் கையூன்றியே. சுவரில் கைவைத்துத் தள்ளுங்கள். ஒவ்வொன்றும் நாலைந்து முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். எடையை இறக்கும்போதும், மாடிப்படி இறங்கும்போதும் தசை நீண்டுகொண்டே வேலைசெய்கிறது. மறுநாள் வலியை அதிகம் தருவது அந்தக் கட்டம்தான். அதனால் தொடக்கத்தில் மாடிப்படி ஏறுங்கள், இறங்குவதற்கு லிஃப்ட் எடுங்கள். தலைக்கு மேலே கையைத் தூக்கிச் செய்யும் பயிற்சியைக் கடைசியில் சேர்க்கலாம்.

கூடத்துக்குக் கட்டிய பணத்துக்காக அந்த வகுப்புக்கே போக வேண்டாம். தனியாக, உங்கள் அளவில் சைக்கிள் கருவி மட்டும் ஓட்ட அனுமதிப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பும்படி உங்கள் வாதநோய் மருத்துவரிடம் கேட்கலாம், பலதுறை மருந்தகத்திலும் பேசலாம்.

எல்லாருக்கும் ஒன்று: நெஞ்சுவலி, மயக்கம், வழக்கத்தில் இல்லாத மூச்சுத்திணறல், ஒரு மூட்டு மட்டும் வீங்கிச் சிவப்பது, புதிதாகக் கைகால் பலம் குறைவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது. இவற்றை ஃபைப்ரோமயால்ஜியா கணக்கில் எழுதிவிடாதீர்கள். பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவரைப் பாருங்கள். நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தபின் எல்லாவற்றையும் அதன்மேல் போட்டுவிடுவது எளிதாக நடக்கிறது.

பிடோக் செல்வம்:

நன்றிம்மா. மனைவி இதைப் படித்தாள். அவளுடைய கேள்வி ஒன்று. வருகிற தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருக்கிறாள். சிராங்கூன் ரோடு பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோவில்வரை, வெறுங்காலோடு, 3 கிலோமீட்டருக்கு மேல். நான் வேண்டாம் என்று சொன்னால் மனம் கஷ்டப்படுவாள். என்ன செய்வது?

உட்லண்ட்ஸ் ராஜி:

செல்வம் தம்பி, வேண்டாம் என்று சொல்லாதீர்கள். இன்னும் மாதங்கள் இருக்கின்றன, தயார் செய்யலாம். நான் போயிருக்கிறேன், அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

தூரத்தைவிட மூன்று விஷயம்தான் சோதிக்கும்: வெறுங்கால், வரிசையில் நிற்பது, தூக்கம் கெடுவது. நடையை இப்போதிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டட்டும். கடைசி இரண்டு மாதத்தில் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்து பழகட்டும். நடப்பதைவிட நிற்பதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அதனால் நிற்பதையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள், இடையிடையே எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றிக்கொண்டு. குடத்தைப் பிடித்த கை இறங்கவே இறங்காது, அதற்குத் தண்ணீர் நிரப்பிய சொம்பைத் தலையில் வைத்து ஒரு நிமிடம் தொடங்கிப் பழகலாம்.

நேரம் தேர்ந்தெடுப்பதில் யோசனை தேவை. முந்தைய நாள் இரவே கிளம்பினால் சூடு இல்லை, ஆனால் ஓர் இரவுத் தூக்கம் போய்விடும், நமக்குத் தூக்கம் போனால் வலி நிச்சயம். விடிகாலையில் கிளம்புவது எனக்குச் சரியாக இருந்தது. முதல் நாள் சீக்கிரம் படுத்துவிட்டேன். விரதத்தில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மருந்து நேரத்தை மருத்துவரிடம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். பூசத்துக்கு முந்தைய வாரம் வீட்டுவேலை எதுவும் அவளுக்குக் கொடுக்காதீர்கள். பிந்தைய இரண்டு நாள் விடுப்பும் இப்போதே எழுதிக் கொடுத்துவிடட்டும்.

தைக்குள் ஒரு மணி நேர நடை பழக்கத்துக்கு வரவில்லை என்றால் இந்த வருடம் குடத்தை நீங்கள் எடுங்கள். அவள் கடைசிப் பகுதியில், டேங்க் ரோடு பக்கத்தில் வந்து உங்களோடு சேர்ந்து நடக்கட்டும். எந்த இடத்தில் சேர்வது என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள், அன்றைக்குக் கூட்டத்தில் போனில் பேசினால் ஒன்றும் கேட்காது.